காயில் கட்டும் வேப் டேங்குக்கு எந்தப் பஞ்சு வைப்பது?

குரோய்டன்வாசி:

வணக்கம். லண்டனில் இருக்கிறேன். சிகரெட்டை விட்டுவிட்டு வேப்புக்கு (மின்சிகரெட்) வந்தவன். முதலில் பிடித்துவிட்டுத் தூக்கிப்போடுகிற வகைதான் வாங்கிக்கொண்டிருந்தேன், 2025 ஜூன் 1 முதல் இங்கே அதை விற்கக் கூடாது என்று ஆனபிறகு பாட் என்கிற, லிக்விட் நிரப்பிக்கொள்கிற வகைக்கு மாறினேன், அதிலோ காயில் (லிக்விட்டைச் சூடாக்குகிற கம்பிச் சுருள்) வாங்கியே காசு கரைகிறது. கூட வேலை பார்க்கும் ஒருவர், தான் பயன்படுத்தாமல் வைத்திருந்த டேங்க் ஒன்றைக் கொடுத்தார். நாமே கம்பி சுற்றி, லிக்விட்டை உறிஞ்சிக் காயிலுக்குக் கொடுக்கிற பஞ்சுத் திரியையும் நாமே போட்டுக்கொள்கிற வகை. பெரிய புகை விடுகிற டேங்க் இல்லை, சிகரெட் மாதிரி வாயில் இழுத்து அப்புறம் உள்ளே இழுக்கிறது, ஒற்றைக் காயில்.

கம்பி சுற்றுவது ஓரளவு கைவந்துவிட்டது. காந்தால் என்கிற சூடாக்கும் கம்பி, 28 கேஜ், 2.5 மில்லிமீட்டர் ஊசி மேல் 6 சுற்று, மாட் (பேட்டரி உள்ள கருவி) மின்தடை 1.1 ஓம் என்று காட்டுகிறது. பஞ்சுதான் பிடிபடவில்லை. அவர் கொடுத்த கொஞ்சம் பஞ்சு தீர்ந்துபோனது. இணையத்தில் தேடினால் ஒருவர் பருத்தி என்கிறார், ஒருவர் ரேயான் என்கிறார், இன்னொருவர் சிலிக்காக் கயிறு, எஃகு வலை, சணல் நார் என்று போகிறார், எல்லோரும் சத்தியம் செய்யாத குறைதான். வீட்டில் முதலுதவிப் பெட்டியில் பஞ்சுச் சுருள் இருக்கிறது, மனைவி முகம் துடைக்கிற பஞ்சு வட்டம் இருக்கிறது, டூட்டிங் கடையில் வாங்கிய விளக்குத்திரி பாக்கெட்டும் இருக்கிறது (சிரிக்காதீர்கள், பருத்தி பருத்திதானே). இதில் எதையாவது போடலாமா, இல்லை தனியாகத்தான் வாங்க வேண்டுமா? லிக்விட் 50/50 (கிளிசரின் பாதி, புரோபிலின் கிளைகால் பாதி).

பழையபுகை:

தம்பி, முதலில் பதில், அப்புறம் கதை. வேப் கடையில் அதற்கென்றே விற்கிற பருத்தி ஒரு பை வாங்கிக்கொள்ளுங்கள். சில பவுண்டுதான், உங்கள் மாதிரி ஒற்றைக் காயிலுக்கு மாதக்கணக்கில் வரும். ஆரம்பத்தில் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். எந்தப் பிராண்ட் என்றும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், காட்டன் பேக்கன் என்பார்கள், ஜப்பான் பருத்தி என்பார்கள், வித்தியாசம் இருக்கிறது, ஆனால் எவ்வளவு பஞ்சு வைக்கிறீர்கள் என்பதில் வருகிற வித்தியாசத்துக்கு முன்னால் அது ஒன்றுமே இல்லை.

சிலிக்காவும் எஃகு வலையும் ஏன் இன்னும் பேச்சில் அடிபடுகின்றன என்றால், ஒரு காலத்தில் அவைதான் இருந்தன. ஆரம்பகாலக் கருவிகளில் எல்லாம் சிலிக்காக் கயிறுதான் திரி. தீயில் காட்டினாலும் எரியாது, திரியை எடுக்காமலே காயிலைச் சிவக்கவைத்துச் சுத்தம் செய்யலாம் என்பது அதன் வசதி. ஆனால் லிக்விட்டை மெதுவாகத்தான் இழுக்கும், வெட்டின முனையில் நூல் நூலாகப் பிரியும், பலமுறை சூடாக்கினால் மொறுமொறுவென்று உடைய ஆரம்பிக்கும். அந்தத் துகள் நுரையீரலுக்குள் போவதை நான் விரும்பமாட்டேன், அதற்கு மேல் ஆராய்ச்சி வேண்டாம்.

எஃகு வலை என்பது ஜெனிசிஸ் என்று ஒரு வகை அட்டமைசருக்கு, அதாவது லிக்விட்டை ஆவியாக்குகிற பாகத்துக்கு. கீழே டேங்க், மேலே தட்டு, தட்டில் ஒரு ஓட்டை, அதன் வழியாகச் சுருட்டின வலை லிக்விட்டுக்குள் இறங்கும், அதன் மேல் காயில் சுற்றுவார்கள். வலையும் உலோகம், காயிலும் உலோகம், தொட்டால் ஷார்ட் ஆகும். அதனால் வலையைத் தீயில் பலமுறை வாட்டி மேலே ஆக்சைடு படியவைத்து, அது காப்பாக இருக்கும் என்று நம்பிக்கொண்டு சுற்ற வேண்டும். அதில் ஒரு இன்பம் உண்டு என்று சொல்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள், நானும் ஒருகாலத்தில் அந்தக் கூட்டம்தான். உங்கள் டேங்கில் அதற்கு இடமே கிடையாது, விட்டுவிடுங்கள்.

இப்போது முக்கியமான விஷயம். முதலில் பஞ்சு இல்லாமல், குறைந்த வாட்டில் பட்டனை விட்டுவிட்டு அழுத்தி, காயில் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சீராகச் சிவக்கிறதா பாருங்கள். ஒரு சுற்று மட்டும் முந்திக்கொண்டு சிவந்தால் இடுக்கியால் லேசாக நெருக்குங்கள். (இது காந்தாலுக்கு. நிக்கல், டைட்டானியம் கம்பியைச் சிவக்கவைக்கக் கூடாது.) ஆறின பிறகு பஞ்சு. பட்டையாக வருகிற பருத்தி என்றால் மேலும் கீழும் இருக்கும் அழுத்தமான தோலை உரித்துவிடுங்கள், நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அந்த நீளவாக்கில் ஒரு கீற்று வெட்டுங்கள். குறுக்கே வெட்டினால் இழுக்கும்போதே பிய்ந்துவிடும். ஒரு முனையை முறுக்கிக் காயிலுக்குள் விட்டு இழுங்கள். லேசாகப் பிடித்துக்கொண்டு வர வேண்டும், ஆனால் காயில் இடம்விட்டு நகரக் கூடாது. வழுக்கிக்கொண்டு ஓடினால் பஞ்சு போதாது. காயில் வளைந்தால் அதிகம்.

அப்புறம் வால்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் சறுக்குகிற இடம் இதுதான், காயிலுக்குள் சரியாக வைத்துவிட்டு இரண்டு பக்கமும் தொங்குகிற பஞ்சை அப்படியே அடியில் திணித்துவிடுவார்கள். லிக்விட் வருகிற வாய்க்காலை அது தக்கை போட்டு அடைத்துவிடும், மேலே காயில் காய்ந்து நிற்கும், அடுத்த இழுப்பில் தொண்டை கருகும். வால், காயில் நிற்கிற தட்டின் அடியைத் தொடுகிற அளவுக்கு வெட்டி, இடுக்கி முனையால் நாரைச் சீவிவிட்டுப் பாதியாக மெலியவையுங்கள், வாய்க்காலில் உட்கார வேண்டும், அடைக்கக் கூடாது. மிகவும் மெலிந்தால் லிக்விட் வழிந்து காற்று ஓட்டை வழியாகச் சட்டைப் பையில் கொட்டும். உங்களுடையது 50/50, தண்ணீராக ஓடும், கொஞ்சம் கூடுதலாகவே இருக்கட்டும். 70 சதவீதம் கிளிசரின் உள்ள கெட்டி லிக்விட் என்றால் இன்னும் மெலிய வேண்டும்.

மூடுவதற்கு முன்னால் பஞ்சு முழுக்க லிக்விட்டில் நனையட்டும். 10 வாட்டில் ஆரம்பியுங்கள், 1.1 ஓமுக்கு 12, 13-க்கு மேல் பெரும்பாலும் வேண்டியிராது. இழுத்தபிறகு டேங்கில் ஒரு குமிழி மேலே ஏறினால் திரி வேலை செய்கிறது என்று அர்த்தம்.

நூற்பாலைக்காரன்:

கோவையில் நூற்பாலையில் இருந்தவன், இப்போது பர்மிங்காம். பஞ்சு பற்றி என்பதால் உள்ளே வந்தேன்.

"பருத்தி பருத்திதானே" என்று எழுதியிருக்கிறீர்கள், அங்கேதான் சிக்கல். செடியிலிருந்து வந்த பஞ்சின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகுப் படலம் உண்டு. கொட்டை நீக்கின பச்சைப் பஞ்சைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், மிதந்துகொண்டே இருக்கும், உடனே நனையாது. காரத்தில் வேகவைத்து அந்த மெழுகை எடுத்து, வெளுத்து, அலசினபிறகுதான் அது உறிஞ்சுகிற பஞ்சு ஆகிறது. மருந்துக்கடையில் விற்கிற பஞ்சு அப்படிப்பட்டதுதான், அதனால் அது உறிஞ்சும். ஆனால் அது பெரும்பாலும் நாய்லில் செய்வது. நாய்ல் என்றால் நல்ல நூலுக்காகப் பஞ்சைச் சீவும்போது கழிகிற குட்டை நார். முதலுதவிப் பஞ்சை இழுத்தால் கொத்துக் கொத்தாகப் பிய்வதற்கு அதுதான் காரணம். புண்ணில் வைக்க அது போதும், காயிலுக்குள் இழுத்து வால் சீவுவதற்கு நீள நார் இருந்தால்தான் வசதி. அவசரத்துக்குப் போடலாம், தப்பில்லை, ஆனால் எரிச்சல்தான் மிஞ்சும்.

"ஆர்கானிக்" என்று பையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். அது வயலில் பூச்சிமருந்து, உரம் எப்படி என்பதைச் சொல்கிறது. அந்தப் பஞ்சு எவ்வளவு வேகமாக லிக்விட்டை இழுக்கும் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. "வெளுக்காதது" என்றிருந்தாலும் மெழுகு எடுத்ததா என்பதுதான் கேள்வி. முன்பெல்லாம் பஞ்சை வாங்கிவந்து தண்ணீரில் கொதிக்கவைத்துப் பிழிந்து காயப்போட்டு வேப்புக்குப் பயன்படுத்தினார்கள், இதற்கென்றே செய்து விற்பதில் அந்த வேலை தேவையில்லை.

மனைவியின் பஞ்சு வட்டத்துக்கு வருவோம். பாக்கெட்டில் 100 சதவீதம் பருத்தி என்று இருக்கிறதா பாருங்கள். நிறைய வட்டங்களில் பாலியெஸ்டர் கலந்திருக்கும், சிலவற்றில் ஓரத்தை அழுத்தி ஒட்டியிருப்பார்கள், சிலவற்றில் முகத்துக்கான லோஷனே தடவியிருக்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு துளி பிய்த்து இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள், துணிக்கடைக்காரர்கள் செய்கிற சோதனைதான். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை வரும், சாம்பலைத் தொட்டால் பொடியாக உதிரும். பாலியெஸ்டர் சுருங்கி உருகிக் கறுப்பாக ஒரு மணி மாதிரி இறுகிவிடும், பிளாஸ்டிக் நாற்றம் அடிக்கும். கலப்பு இருந்தால் சாம்பலுக்குள் அந்தக் கட்டி விரலில் தட்டும். அதை எந்தக் காரணத்துக்காகவும் காயிலில் போடாதீர்கள். ஒன்று, ரேயானும் பருத்தி மாதிரியே எரியும், இரண்டும் செல்லுலோஸ் என்கிற தாவர நார்ப்பொருள், இந்தச் சோதனையில் பிரித்துப் பார்க்க முடியாது.

விளக்குத்திரி வேண்டாம். இறுக்கி முறுக்கியிருப்பதால் நடுவில் லிக்விட் போகாது, அது எண்ணெயை நிதானமாக ஏற்றுவதற்கு முறுக்கினது. அதைவிட, எந்தப் பஞ்சு, மெழுகு எடுத்ததா, சாயம் போட்டதா, வாசனை சேர்த்ததா என்று பாக்கெட்டில் ஒரு வரி இருக்காது. அது சாமி அறையிலேயே இருக்கட்டும்.

டொரோண்டோமாமி:

பழையபுகை சொன்னதில் முக்கால்வாசி சரி. ஆனால் பருத்தியைத் தவிர வேறெதையும் யோசிக்க வேண்டாம் என்றதை ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் ரேயான் கட்சி. இங்கே முடி அலங்காரம் செய்கிறவர்கள், முடியைச் சுருட்டுகிற பெர்மிங் மருந்து கண்ணில் வழியாமல் நெற்றியைச் சுற்றி வைப்பதற்காகச் சுருளாக விற்கிற செல்லுகாட்டன் என்று ஒன்று உண்டு, பெயரில்தான் காட்டன், சமாச்சாரம் ரேயான். ஒரு பெட்டி வாங்கினால் ஆயுசுக்கும் போதும் என்று சும்மா சொல்லவில்லை. லிக்விட்டைப் பருத்தியைவிட வேகமாக இழுக்கிறது, புதுப் பஞ்சு போட்டவுடன் வருகிற அந்தப் பஞ்சு வாசனையும் எனக்கு இதில் வருவதில்லை.

ஒரே ஒரு விஷயம் மாற்றிச் செய்ய வேண்டும். பருத்தி நனைந்தால் உப்பும், ரேயான் நனைந்தால் அமுங்கும். அதனால் பருத்திக்குச் சொன்ன அளவில் ரேயான் வைத்தால் நனைந்தவுடன் காயிலுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி விழுந்து, அங்கங்கே கருகும். உலர்ந்திருக்கும்போது "இவ்வளவு இறுக்கமா" என்று தோன்றுகிற அளவுக்கு வைக்க வேண்டும். ரேயான் சரியில்லை என்று திட்டுகிறவர்களில் பாதிப்பேர் பருத்தி அளவுக்கு வைத்துவிட்டுத் திட்டுகிறவர்கள்.

சணல் நாரும் போட்டுப் பார்த்திருக்கிறேன். முதல் டேங்க் முழுக்க வைக்கோல் வாசனை. அதற்கப்புறம் நன்றாக இருக்கும் என்கிறார்கள், அதுவரை எனக்குப் பொறுமை இல்லை.

பழையபுகை:

மாமி, ரேயான் கெட்டது என்று சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் காயிலை வளைக்காமல் அவ்வளவு இறுக்கமாக இழுக்கக் கை பழகியிருக்க வேண்டும். 28 கேஜ் மெல்லிய கம்பி, புதுக்கை, இரண்டும் சேர்ந்தால் காயில் கோணிக்கொள்ளும். பருத்தியில் கொஞ்சம் கூடக்குறைய வைத்தாலும் உப்பிச் சமாளித்துக்கொள்ளும், தம்பிக்கு இப்போது அந்தச் சலுகை வேண்டும்.

குரோய்டன்வாசி:

எல்லோருக்கும் நன்றி. பஞ்சு வட்டத்தைக் கொளுத்திப் பார்த்தேன், கறுப்பு மணி வந்தது, மனைவி எதற்கு வீட்டில் பிளாஸ்டிக் எரிகிறது என்று கேட்டார். கடையில் பருத்தி வாங்கிவிட்டேன், ஷூ லேஸ் மாதிரி முனையில் பிளாஸ்டிக் போட்டு வருகிற வகை, 3 மில்லிமீட்டர் என்று இருந்தது. இப்போது பிரச்சினை, அது என் காயிலுக்குள் போகவே மாட்டேன் என்கிறது. இன்னொன்று, எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றுவது? காயிலையும் சேர்த்து மாற்ற வேண்டுமா?

பழையபுகை:

போகாதுதான். 3 மில்லிமீட்டர் என்று போட்டிருப்பது காயிலின் உள்விட்டத்துக்கு. உங்களுடையது 2.5. பிளாஸ்டிக் முனையைக் காயிலுக்குள் விட்டு மல்லுக்கட்டாதீர்கள். முனையை வெட்டிவிட்டுப் பஞ்சைப் பிரித்து, ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நாரை எடுத்துவிட்டு மறுபடி முறுக்கி இழுங்கள், போகும். இல்லை என்றால் காயிலையே 3 மில்லிமீட்டரில் 5 சுற்றாகச் சுற்றிக்கொள்ளுங்கள், ஓம் ஏறக்குறைய அதே அளவில்தான் வரும். நான் இரண்டாவதைத்தான் செய்வேன், கொஞ்சம் பெரிய வாய் இருந்தால் பஞ்சும் கூட நிற்கும்.

மாற்றுவதற்கு நாள் கணக்குக் கிடையாது, லிக்விட்டைப் பொறுத்தது. இனிப்புக்காகச் சுக்ரலோஸ் போட்ட லிக்விட் என்றால் காயில் மேல் கறுப்பாகப் பாகு படியும், பஞ்சு சீக்கிரம் கெடும். வெறும் மெந்தால், இனிப்பில்லாத புகையிலைச் சுவை என்றால் நீண்ட நாள் போகும். ருசி மந்தமானால் திறந்து பாருங்கள், காயில் தொடுகிற இடத்தில் பழுப்பேறியிருந்தால் எடுத்துவிட வேண்டியதுதான். பஞ்சை எடுத்துவிட்டுக் காயிலை லேசாகச் சிவக்கவைத்து, ஆறினதும் தண்ணீரில் அலசி, பிரஷ்ஷால் தேய்த்தால் அதே காயில் பல பஞ்சுக்கு உழைக்கும். பஞ்சு உள்ளே இருக்கும்போது சிவக்கவைத்துவிடாதீர்கள், தீப்பிடிக்கும்.

ஒருமுறை கருகின பஞ்சை லிக்விட் ஊற்றிச் சரிசெய்ய முடியாது. கருகின நார் திரும்ப உறிஞ்சாது, அந்த இடம் மறுபடி மறுபடி கருகும்.

கத்தரிநாக்கு:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். இவ்வளவு மெனக்கெடுவதற்கு, ஒரு பாக்கெட் ரெடிமேட் காயில் வாங்கிப் போட்டுக்கொண்டு வேறு வேலையைப் பார்க்கலாமே? நுரையீரலுக்குள் போகிற விஷயத்தில் கைத்தொழில் எதற்கு? காய்ந்த காயிலில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு வருகிறது என்று 2015-இலேயே நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் எழுதினார்கள்.

பழையபுகை:

எழுதினார்கள், 5 வோல்ட்டில் வைத்து அளந்த கணக்கு. அந்த நிலையில் உண்மையில் யாரும் இழுக்க மாட்டார்கள், தொண்டை கருகி உடனே நிறுத்திவிடுவார்கள் என்று ஃபர்சாலினோஸ் என்ற இதய மருத்துவர் அதை மறுத்து எழுதினார். ஆனால் உங்கள் கேள்வியின் அடிப்படை நியாயமானது. கிளிசரின் அளவுக்கு மீறிச் சூடானால் அக்ரோலின் என்ற இன்னொரு நச்சும் ஃபார்மால்டிஹைடும் வரும், அதில் சந்தேகமில்லை. அதனால்தான் திரியைப் பற்றி இவ்வளவு பேச்சு. கருகல் வாசனை வந்தால் "இன்னும் இரண்டு இழுப்பு" என்று ஓட்டக் கூடாது. பயமாக இருந்தால் எஸ்எஸ் 316 என்ற எஃகுக் கம்பி வாங்கி மாட்டில் வெப்பக் கட்டுப்பாட்டைப் போட்டுக்கொள்ளலாம், கம்பி சூடாகும்போது அதன் ஓம் ஏறுவதைப் பார்த்து மாட் தானாகவே சக்தியைக் குறைக்கும். காந்தாலில் அது நடக்காது, சூட்டில் அதன் ஓம் மாறுவதே இல்லை என்று சொல்லலாம்.

ரெடிமேட் காயிலிலும் உள்ளே இருப்பது பெரும்பாலும் இதே பருத்திதான், கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவே. சிகரெட் பிடிக்காதவர் யாராவது இதைப் படித்துவிட்டு ஆசைப்பட்டால் வேண்டாம் என்றுதான் சொல்வேன், இங்கே அரசு மருத்துவச் சேவையான என்எச்எஸ் சொல்வதும் அதுதான்: சிகரெட்டைவிடக் கெடுதல் குறைவு, கெடுதலே இல்லை என்றில்லை.

டொரோண்டோமாமி:

அதோடு ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். சமையலறை எசென்ஸ், எண்ணெய், தைலம் எதையும் திரியில் சொட்டு விடாதீர்கள், யூகலிப்டஸ் உட்பட. லிக்விட்டில் இருப்பது கிளிசரினும் புரோபிலின் கிளைகாலும், இரண்டும் எண்ணெய் இல்லை. எண்ணெய் நுரையீரலில் போனால் அது வேறு வியாதி. 2019-இல் அமெரிக்காவில் வேப் இழுத்து நுரையீரல் கெட்டு அத்தனை பேர் ஆஸ்பத்திரிக்குப் போனதில் முக்கியமாகச் சிக்கியது கஞ்சா லிக்விட்டில் கலந்த வைட்டமின் ஈ அசிடேட் என்ற எண்ணெய்தான்.

குரோய்டன்வாசி:

3 மில்லிமீட்டரில் சுற்றிவிட்டேன், லேஸ் பஞ்சு கச்சிதமாக உட்கார்ந்தது, குமிழியும் வருகிறது. வால் ஒரு பக்கம் கொஞ்சம் மெலிந்துவிட்டது போல, காற்று ஓட்டையில் லேசாகக் கசிகிறது, மறுபடி பிரித்துச் சரிசெய்கிறேன். கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அக்கா மகள் கல்யாணத்துக்குச் சென்னை போகிறேன், சிங்கப்பூர் வழியாக. டேங்கைப் பிரித்து, காயிலும் பஞ்சும் தனியாகப் பெட்டியில் போட்டால் பிரச்சினை இருக்காதுதானே?

நூற்பாலைக்காரன்:

பஞ்சைக் கொண்டுபோகலாம், காது துடைக்க உதவும். மற்றதை வீட்டில் வையுங்கள். இந்தியாவில் 2019-இலிருந்து மின்சிகரெட்டை இறக்குமதி செய்வது, விற்பது, இருப்பு வைப்பது எல்லாம் சட்டப்படி தடை, பிரித்துக் கொண்டுவந்தேன் என்பதைச் சுங்க அதிகாரியிடம் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. சிங்கப்பூர் அதைவிடக் கடுமை, 2018 பிப்ரவரியிலிருந்து கையில் வைத்திருப்பதே குற்றம். போகிற நாட்களுக்கு மருந்துக்கடையில் நிக்கோடின் சூயிங்கம் வாங்கிக்கொள்ளுங்கள், சென்னையிலும் கிடைக்கும்.